விஎஸ் கோட், நியோவிம், ஈமேக்ஸ்: எது எவ்வளவு வளைந்து கொடுக்கும்?

மூன்றும் நிரல் எழுதுவதற்கான எடிட்டர்கள். தீம், ஃபான்ட், எத்தனை பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) கிடைக்கிறது என்கிற பட்டியலை எல்லாம் விட்டுவிடலாம், அவை மூன்றிலும் தாராளமாக இருக்கின்றன. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் எழுதிய ஒரு திட்டம், அதைச் சரிபார்க்கும் டெஸ்டுகள் டாக்கர் கன்டெய்னர் என்கிற தனிச் சூழலுக்குள்தான் ஓடும். கர்சர் எந்த டெஸ்ட் ஃபங்ஷனுக்குள் நிற்கிறதோ அதை மட்டும் ஒரு ஷார்ட்கட்டில் ஓட்ட வேண்டும், டெஸ்ட் தோற்றால் தோற்ற வரிக்கே நேராகப் போய் நிற்க வேண்டும். நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்கிற காரியம் இது, அதனால் இதில் மிச்சமாகும் ஒவ்வொரு நொடியும் கணக்கில் சேரும். மூன்று எடிட்டர்களும் எங்கே பிரிகின்றன என்பது இதைச் செய்யப் போகும்போது நன்றாகவே தெரிந்துவிடும்.

விஎஸ் கோடில், எல்லாம் அது எதிர்பார்க்கிற மாதிரி இருந்தால், நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். பைத்தான் எக்ஸ்டென்ஷன் (இங்கே பிளக்இன்னுக்கு அதுதான் பெயர்) டெஸ்டுகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், கர்சர் இருக்கும் டெஸ்டை ஓட்டுவதற்கான கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, டெவ் கன்டெய்னர் (கன்டெய்னரையே எடிட்டரின் வேலைச் சூழலாக்கும் வசதி) வழியாகத் திட்டத்தைத் திறந்தால் இதெல்லாம் கன்டெய்னருக்குள்ளேயே நடக்கும். ஆனால் உங்கள் டீம் டெவ் கன்டெய்னர் பக்கமே போகாமல், கன்டெய்னர்களை அமைக்கிற பழைய கம்போஸ் கோப்பு ஒன்றையும் அதைச் சுற்றி நாலு ஷெல் ஸ்கிரிப்டையும் வைத்துக் காலம் தள்ளுகிறது என்றால் கதை வேறு. அப்போது டாஸ்க், அதாவது எடிட்டர் ஓட்டித் தருகிற வெளிக் கட்டளை, எழுத வேண்டும். டாஸ்குக்குள் கோப்பின் பெயர் கிடைக்கும், வரி எண் கிடைக்கும், தேர்ந்தெடுத்த எழுத்துகள் கிடைக்கும். கர்சர் எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்பது கிடைக்காது. ஆகவே கோப்பையும் வரி எண்ணையும் வாங்கிக்கொண்டு ஃபங்ஷன் பெயரைக் கண்டுபிடித்து, டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவியை அழைக்கிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வெளியே எழுதிவிட்டு, அதை டாஸ்கில் கோத்து, டாஸ்குக்கு ஒரு ஷார்ட்கட் வைத்து, பிழை வரியைப் படித்துக் காட்ட ஒரு ப்ராப்ளம் மேட்சரையும் எழுத வேண்டும். வேலை செய்யும். சொல்லப்போனால் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது, அந்த ஸ்கிரிப்ட் எடிட்டருக்கு வெளியே இருப்பதால் பக்கத்து மேசைக்காரர் எந்த எடிட்டர் வைத்திருந்தாலும் அவருக்கும் பயன்படும்.

ஏன் இப்படி ஒரு எல்லை? ஆட்டம் (Atom) என்ற பழைய எடிட்டரைப் பார்த்தால் புரியும். இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய எடிட்டர் என்று சொல்லி கிட்ஹப் வெளியிட்டது அது. எக்ஸ்டென்ஷன் எதுவாக இருந்தாலும் ஜன்னலின் எந்த மூலையையும் தொடலாம், அதனாலேயே ஒரு மோசமான எக்ஸ்டென்ஷன் வந்தால் தட்டச்சு செய்வதே திணறும். 2022 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். 2015-இல் வந்த விஎஸ் கோடும் ஆட்டம் நின்ற அதே எலக்ட்ரான் (வலைத் தொழில்நுட்பத்தில் செயலி கட்டும் மேடை) மேல்தான் நிற்கிறது, ஆனால் எக்ஸ்டென்ஷன்களைத் தனி ப்ராசஸில் பூட்டி வைத்து, திரையை நேரடியாகத் தொட விடாமல், தான் கொடுத்த ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக மட்டும் பேசச் சொல்கிறது. வாடகை வீடு மாதிரிதான்: ஆணி அடித்துக்கொள்ளலாம், சுவரை இடிக்க முடியாது. இதையும் மீறி, தோற்றத்தை மாற்ற சிஎஸ்எஸ் நுழைக்கிற எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. போட்டவுடன் 'உங்கள் நிறுவல் சிதைந்திருக்கிறது' என்று எச்சரிக்கை வரும், அடுத்த அப்டேட்டில் செய்த மாற்றமும் காணாமல் போகும். எனக்கு இந்த எல்லை பெரும்பாலும் சரியாகவே படுகிறது, எல்லைக்குள் இருப்பதையே பலர் பாதிகூடப் பயன்படுத்துவதில்லை.

உதாரணத்துக்கு ஷார்ட்கட்டுக்கு வைக்கிற 'வென்' நிபந்தனை. கோப்பின் பெயர் டெஸ்ட் என்று தொடங்கினால் இந்த விசை டெஸ்டை ஓட்டட்டும், மார்க்டவுன் கோப்பில் அதே விசை முன்னோட்டத்தைத் திறக்கட்டும், டெர்மினலில் இருக்கும்போது எதுவும் செய்ய வேண்டாம் என்று ஒரே விசைக்கு மூன்று வேலை கொடுக்கலாம். மொழிவாரி அமைப்பும் அப்படித்தான்: பைத்தானில் சேவ் செய்தால் ஃபார்மேட் ஆகட்டும், யாமல் (YAML) கோப்பைத் தொடாதே. ப்ரொஃபைல் வசதியை வைத்து, வேலைக்கு ஒன்று, சொந்தத் திட்டத்துக்கு ஒன்று, வகுப்பில் திரையைக் காட்டிப் பாடம் நடத்தப் பெரிய எழுத்தோடு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் ஜேசன் (JSON) அமைப்புக் கோப்பைத் திறந்து நாலு வரி சேர்த்தால் போதும்.

சரி, நியோவிம். 2014-இல் விம் என்ற பழைய டெர்மினல் எடிட்டரிலிருந்து பிரிந்த கிளை இது, 2021 ஜூலையில் வந்த 0.5 பதிப்பிலிருந்து லுவா மொழியிலேயே முழு கான்ஃபிகையும் (அமைப்பையும்) எழுதலாம், நிரலைப் புரிந்துகொண்டு பிழை காட்டவும் பரிந்துரைக்கவும் உதவும் எல்எஸ்பி வசதியும் அப்போதே உள்ளே வந்துவிட்டது. நம் வேலைக்கு இங்கே வெளி ஸ்கிரிப்ட் தேவையில்லை. ட்ரீசிட்டர் நிரலை மரமாகப் பிரித்து வைத்திருக்கிறது, கர்சர் இருக்கும் கணுவை வாங்கி, ஃபங்ஷன் வரையறை வரும்வரை மேலே ஏறி, பெயரை எடுத்து, டாக்கர் கட்டளையோடு ஒட்டி ஓட்டினால் முடிந்தது. லுவாவில் இருபது வரிக்குள் அடங்கும். வெளியீட்டை க்விக்ஃபிக்ஸ் என்கிற பிழைப் பட்டியலில் தள்ளிவிட்டால் பிழை வரிக்குப் போவதும் ஒரே விசை.

ஆனால் நியோவிமின் உண்மையான பலம் அந்த இருபது வரியில் இல்லை என்பது என் எண்ணம். விஎஸ் கோடில் நீங்கள் ஒரு புதுக் கட்டளை சேர்த்தால் உங்களிடம் ஒரு கட்டளை கூடுகிறது, அவ்வளவுதான். விம்மில் வினையும் பொருளும் தனித்தனி: டி என்றால் அழி, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகலெடு. இவற்றோடு 'ஒரு ஃபங்ஷன்' என்கிற புதுப் பொருளை ட்ரீசிட்டர் வழியாகச் சேர்த்தால், அழிப்பது, மாற்றுவது, நகலெடுப்பது, தேர்ந்தெடுப்பது எல்லாம் அந்தக் கணமே ஃபங்ஷன்மீதும் வேலை செய்யும். உங்கள் திட்டத்தில் அடிக்கடி திருத்துவது எஸ்கியூஎல் (தரவுத்தளக் கேள்வி) துணுக்கு என்றால் அதையே ஒரு பொருளாக்கிவிடலாம். ஒன்றைச் சேர்த்தால் பத்தாகப் பெருகுகிற இந்தக் குணம் மற்ற இரண்டிலும் இயல்பாக இல்லை, ஈமேக்ஸில் விம் விசைகளைக் கொண்டுவரும் ஈவில் மோட் போட்டால்தான் வரும்.

ஈமேக்ஸுக்கு வயது அதிகம். 1976-இல் எம்ஐடியில் மேக்ரோ தொகுப்பாகப் பிறந்தது. நாம் இன்று பயன்படுத்தும் குனு ஈமேக்ஸ் 1985 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. இங்கே எல்லை என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் எடிட்டரின் பெரும்பகுதி எழுதப்பட்டிருப்பதே ஈலிஸ்ப் மொழியில், நீங்கள் எழுதும் கான்ஃபிகும் அதே மொழியில், இரண்டுக்கும் உள்ளே ஒரே அந்தஸ்து. நம் வேலைக்கு வருவோம். கர்சர் இருக்கும் ஃபங்ஷன் பெயரைத் தருகிற ஃபங்ஷன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதுவும் எதற்காகத் தெரியுமா, மாற்றப் பதிவு எழுதுவதற்காக என்றோ யாரோ எழுதி வைத்தது. பைத்தான் கோப்பில் அது வகுப்பின் பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் புள்ளியால் கோத்துக் கொடுக்கும், பைடெஸ்டுக்கு அங்கே வேண்டியது இரட்டை முக்காற்புள்ளி (::), ஆக ஒரு மாற்றீடு. அப்புறம் கம்பைல் கட்டளையிடம் கொடுத்தால் வெளியீட்டில் கோப்பு, வரி எண் வடிவில் இருப்பதை எல்லாம் அதுவே இணைப்பாக்கிவிடும். மொத்தம் ஆறேழு வரி.

அதை எழுதும் விதம்தான் இன்னும் முக்கியம். எழுதிய வரியின் முடிவில் நின்று கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-இ அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கிற எடிட்டரே அந்த நொடியில் மாறுகிறது, மூடித் திறக்க வேண்டாம். ஒரு விசை என்ன செய்கிறது என்று புரியவில்லையா, கண்ட்ரோல்-ஹெச் கே அழுத்தி அந்த விசையையும் அழுத்தினால் ஃபங்ஷனின் பெயர், விளக்கம், அது இருக்கும் மூலக் கோப்பு வரை கூட்டிப்போகும். அங்கேயே திருத்தலாம், அல்லது அட்வைஸ் என்கிற வசதியை வைத்து அந்த ஃபங்ஷனைத் தொடாமலே அதன் முன்னும் பின்னும் உங்கள் வரிகளைச் செருகலாம். யாரோ எழுதிய பிளக்இன் தொண்ணூறு சதவீதம் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு நடத்தை மட்டும் உறுத்துகிறது என்றால் விஎஸ் கோடில் எழுதியவருக்கு இஷ்யூ (குறை அறிக்கை) எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் (அல்லது எக்ஸ்டென்ஷனை ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து, நீங்களே திருத்த வேண்டும்), ஈமேக்ஸில் டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்துவிடலாம்.

விலை இல்லாமலில்லை. ஈமேக்ஸ் பெரும்பாலும் ஒரே இழையில் ஓடுவதால் ஏதாவது ஒன்று தாமதித்தால் மொத்தமும் உறைந்து நிற்கும். இயல்பான விசைகள் கண்ட்ரோலை நம்பியே இருப்பதால் சுண்டுவிரல் போய்விடும். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றுவதை ஈமேக்ஸ் பக்கம் போகாதவர்களுக்கும் பரிந்துரைப்பேன், இயங்குதளத்தில் ஒரு தடவை செய்தால் எல்லா இடத்திலும் பலன்.

இனிப் பராமரிப்பு. இதைப் பற்றித்தான் ஒப்பீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. விஎஸ் கோட் அமைப்பு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஒத்திசைவு வசதியால் புதுக் கணினியிலும் உள்நுழைந்தவுடன் வந்து நிற்கும். அங்கே கவலை வேறு: எக்ஸ்டென்ஷனுக்கு உங்கள் பயனர் கணக்குக்கு உள்ள அதே அனுமதிகள் உண்டு, தானாகவே புதுப்பித்தும் கொள்ளும், ஆகவே கண்டதையும் போடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் பைலான்ஸ் (பைத்தானுக்கு), ரிமோட் எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினியில் வேலை செய்ய) போன்ற எக்ஸ்டென்ஷன்களின் உரிமம் அவர்களின் சொந்த வெளியீடுகளுக்கு மட்டும்தான், எனவே விஎஸ்கோடியம் (விஎஸ் கோடின் திறந்த மூல நிரலிலிருந்து மற்றவர்கள் கட்டும் வெளியீடு) பக்கம் போகிறவர்கள் அவை இல்லாமல் வாழப் பழக வேண்டும். நியோவிம் உலகம் வேகமாக நகர்கிறது, அதுதான் அதன் அழகு, அதுவே தலைவலி. பிளக்இன்களை நிறுவ பலரும் நம்பியிருந்த பேக்கரின் பராமரிப்பு நின்று அதன் இடத்துக்கு லேசி வந்தது, நல்-எல்எஸ் என்ற பிளக்இன் 2023-இல் மூடப்பட்டது, 0.11 பதிப்பில் எல்எஸ்பி அமைக்கும் முறையே எளிதாகி, அதற்கு முன் எழுதிய கான்ஃபிக்குகள் பழசாகிவிட்டன. பிளக்இன் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லேசியின் லாக் கோப்பைக் கிட்டில் (Git, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வையுங்கள், பிளக்இன்களை வெள்ளிக்கிழமை மாலையில் புதுப்பிக்காதீர்கள். ஈமேக்ஸ் நேர் எதிர்: பத்து வருடத்துக்கு முந்தைய ஈலிஸ்ப் கோப்பு சில எச்சரிக்கைகளோடு இன்றும் பெரும்பாலும் ஓடும். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில் எக்லாட் (எல்எஸ்பி வசதி), ட்ரீசிட்டர், யூஸ்-பேக்கேஜ் (பிளக்இன் அமைக்கும் வசதி) மூன்றும் உள்ளேயே வந்துவிட்டதால் வெளியிலிருந்து எடுக்க வேண்டியதும் குறைந்துவிட்டது.

தொலை சர்வரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விஎஸ் கோட் அந்தப் பக்கத்தில் தன் சர்வரை நிறுவிக்கொள்ளும், 2025 மார்ச்சின் 1.99 பதிப்பிலிருந்து அதற்கு ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28 வேண்டும், சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் இருப்பதோ 2.17. அரசு, வங்கித் திட்டங்களில் இப்படிப்பட்ட பழைய பெட்டிகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு தொலைக் கோப்புகளைத் திருத்த உதவும் ஈமேக்ஸின் டிராம்ப் (TRAMP) வசதி தெய்வம், மெதுவாக ஓடினாலும் அந்தப் பக்கம் எதையும் நிறுவச் சொல்லாது.

தமிழில் மொழிபெயர்ப்புக் கோப்பு திருத்துபவர்கள், தமிழ் உரையைக் கையாளும் நிரல் எழுதுபவர்களுக்கு வரிசை கொஞ்சம் மாறும். டெர்மினல் என்பது கட்டம் கட்டமான உலகம், 'கொ', 'ஸ்ரீ' போன்றவை எத்தனை கட்டம் எடுக்கும் என்பதில் டெர்மினலும் நியோவிமும் ஒத்துப்போகாவிட்டால் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் தெரியும். டெர்மினலை மாற்றிப் பார்க்கலாம், முழு நிம்மதி கிடைப்பது அரிது. இன்னொன்று, தமிழ் விசைப்பலகை போட்ட நிலையில் எஸ்கேப் அழுத்தினால் நார்மல் மோடுக்கும் (விம் கட்டளைகளை ஏற்கும் நிலை) தமிழ் எழுத்தே போய்ச் சேரும், ஒரு கட்டளையும் எடுபடாது. விம்மின் கீமேப் வசதி இதற்கு மருந்து: எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம். விஎஸ் கோட் குரோமியம் என்ற உலாவியின் மேல் நிற்பதால் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியும். ஈமேக்ஸ் வரைகலைச் சாளரமும் 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துரு நூலகம் வழியாகத் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது, போதாததற்குத் தமிழ் உள்ளீட்டு முறைகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

ஹீலிக்ஸ், ஸெட் என்ற வேறு இரண்டு எடிட்டர்களையும் ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். ஹீலிக்ஸ் ரஸ்ட் மொழியில் எழுதிய டெர்மினல் எடிட்டர், முதலில் தேர்ந்தெடு, பிறகு செயல்படு என்ற முறை, எல்எஸ்பியும் ட்ரீசிட்டரும் பெட்டியிலேயே வரும். நீங்கள் மாற்றுவதற்கு டோமல் (TOML) அமைப்புக் கோப்புகள்தான், கான்ஃபிக் நோண்டி நோண்டி வேலையே ஓடவில்லை என்று புலம்புபவர்களுக்கு இதைத்தான் கை காட்டுவேன். ஸெட் ஆட்டமை உருவாக்கியவர்களிடமிருந்தே வந்தது, 2024 ஜனவரியில் திறந்த மூலமானது, வேகம் அபாரம்; எக்ஸ்டென்ஷன்கள் வெப்அசெம்பிளிக் கூண்டுக்குள் ஓடுவதால் அவை செய்யக்கூடியது விஎஸ் கோடைவிடவும் குறைவு.

என் ஓட்டு யாருக்கு என்றால், டீமில் எல்லோரும் விஎஸ் கோட், திட்டமும் டெவ் கன்டெய்னரில் ஒழுங்காக இருக்கிறது என்றால் அங்கேயே இருங்கள், விம் விசைகள் வேண்டுமானால் நிஜ நியோவிமைப் பின்னால் ஓட்டுகிற விஎஸ்கோட்-நியோவிம் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பாதி நாள் டெர்மினலில்தான் போகிறது, எழுதுவதைவிடத் திருத்துவதே அதிகம் என்றால் நியோவிம், அதுவும் ஆயத்தத் தொகுப்பில் தொடங்காமல் கிக்ஸ்டார்ட் என்கிற அந்த ஒற்றைக் கோப்பைப் படித்துப் படித்துத் தொடங்குங்கள், உடையும்போது எங்கே கை வைப்பது என்று தெரியும். ஈமேக்ஸை நான் யாருக்கும் அவசரமாகப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் கிட்டுக்கு மேகிட்டையும், குறிப்புகளுக்கு ஆர்க் மோடையும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அவை இரண்டும் பிடித்துப்போனால் நிரல் எழுதவும் அங்கேயே வந்துவிடுவீர்கள்.