அமீரக கோல்ஃப் மைதானங்கள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அமீரகத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குக் காசு கட்டுமுன் முன்பதிவுக் கவுண்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஃபேர்வேயில் (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள வெட்டிய புல்வெளியில்) என்ன புல்? கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பில்) பராமரிப்புக்காகக் கடைசியாக எப்போது துளை போட்டார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அன்றைய ஆட்டம் எப்படி இருக்கும் என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். வடிவமைத்தவர் பெயரும் கிளப்ஹவுஸின் பளபளப்பும் அதற்குப் பிறகுதான்.

துபாயின் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பில் கார்ல் லிட்டன் வடிவமைத்த மஜ்லிஸ் மைதானம் 1988-இல் திறந்தது. வளைகுடாவில் முழுக்கப் புல் போட்ட முதல் போட்டித்தர மைதானம் அது. அதற்கு முன் இங்கே கோல்ஃப் என்றால் மணல்தான். கையோடு ஒரு சிறு புல்விரிப்பை எடுத்துப்போய், பந்தை அதன்மேல் வைத்து அடிப்பார்கள். கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்வட்டம். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். 1989-இல் மஜ்லிஸில் டெசர்ட் கிளாசிக் போட்டி தொடங்கியது, தொலைக்காட்சி வழியாக ஊர் பெயர் வெளியே போனது. 2000-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் வில்லா விற்பதற்காக வந்த மைதானங்கள். அரேபியன் ராஞ்சஸ், ஜுமைரா கோல்ஃப் எஸ்டேட்ஸ், டமாக் ஹில்ஸ் எல்லாம் இந்த வகை. 2008 நிதி நெருக்கடியில் வீட்டுச் சந்தை விழுந்தபோது சில திட்டங்கள் பாதியில் நின்றன. டைகர் வுட்ஸ் பெயரில் அறிவித்த அல் ருவையா மைதானமும் அப்படி நின்றுபோனதுதான்.

ஆடுபவருக்கு இதனால் என்ன என்றால், வீட்டுத் திட்ட மைதானங்களில் ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு (அடுத்த குழிக்கான முதல் அடி அடிக்கும் இடத்துக்கு) போக சாலையைக் கடக்க வேண்டிவரும், சில இடங்களில் அரை கிலோமீட்டர்கூட ஆகும். நடந்து ஆட நினைப்பவர்களுக்கு இவை ஒத்துவராது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர், அதாவது இரண்டு பக்கமும் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், ஆட்ட எல்லைக்கு வெளியே. மிக நீளமான மட்டையான டிரைவரில் அடித்தால் பந்து வலப்பக்கம் ஓடும் பழக்கம் உள்ளவர் இங்கே அதைவிடச் சிறிய 3 வுட் எடுப்பதே நல்லது. அபுதாபியில் யாஸ் லிங்க்ஸ், சாதியாத் பீச் இரண்டும் 2010-இல் கடலோரத்தில் திறந்தவை. ஒன்று கைல் பிலிப்ஸ் வடிவமைப்பு, மற்றது கேரி பிளேயர் வடிவமைப்பு. இடம் தாராளம், ஆனால் பிற்பகல் வடமேற்குக் கடற்காற்று கணக்கைக் குலைத்துவிடும். காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் அதே குழியில் இரண்டு கிளப் (மட்டை) வித்தியாசம் வருவது இங்கே சாதாரணம்.

இனித் தண்ணீருக்கு வருவோம், மற்ற எல்லாமே அதிலிருந்து பிறக்கிறது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 10,000 லிட்டர். கோடையில் புல் ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேட்கும். 40 ஹெக்டேருக்குப் பாசனம் என்று வைத்தால் தினம் 32 லட்சம் லிட்டர். மழையோ ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர்கூட வராத ஊர். ஆகவே பெரும்பாலான மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி ஏரிகளில் தேக்கி இறைக்கின்றன. அந்த நீரில் உப்பு உண்டு. நீர் ஆவியானாலும் உப்பு மண்ணிலேயே தங்கும். அதைக் கீழே இறக்கத் தேவைக்கு மேல் நீர் விட வேண்டும், சோடியத்தை விலக்க ஜிப்சம் தூவ வேண்டும், அடியில் வடிகால் குழாய் அடைபடாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தாழ்வான இடங்களில் வெள்ளைப் பொருக்கு படிந்து புல் திட்டுத்திட்டாகச் சாகும். ஒரு மைதானத்தின் பராமரிப்பை எடைபோட வேண்டுமானால் ஃபேர்வே நடுவைப் பார்க்காதீர்கள். ஏரிக்கரை ஓரத்தையும் பங்கர் என்ற மணற்குழிக்குக் கீழ்ப்பக்கச் சரிவையும் பாருங்கள். அங்கே பச்சை இருந்தால் ஆட்கள் வேலை தெரிந்தவர்கள். இன்னொன்று: சுத்திகரித்த நீர் பாயும் புல்லில் பந்து வைக்கக் குத்திய டீ குச்சியை வாயில் கவ்வும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பந்தை எச்சில் தொட்டுத் துடைப்பதும் வேண்டாம்.

புல்லில் இரண்டு குடும்பம். ஒன்று பெர்முடா, நம் ஊர் அருகம்புல்லின் கலப்பினம். வெயிலை அசாதாரணமாகத் தாங்கும், ஆனால் டிசம்பர், ஜனவரியில் வளர்ச்சி மந்தமாகி நிறம் மங்கும். சுற்றுலாப் பயணிகள் வருவதும் அதே மாதங்களில்தான். அதனால் மஜ்லிஸ் போன்ற இடங்களில் அக்டோபர் வாக்கில் பெர்முடாவை ஒட்ட வெட்டி, கீறிவிட்டு, மேலே ரை புல் விதைக்கிறார்கள். ஃபேர்வேக்கு ஹெக்டேருக்கு 350 முதல் 450 கிலோ விதை போகும். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். முளைத்து வேர் பிடிக்கும்வரை நாளைக்குப் பல தடவை சிறுகச் சிறுக நீர் விடுவார்கள். அந்த இரண்டு மூன்று வாரங்களில் பக்கி (கோல்ஃப் வண்டி) பாதையைவிட்டு இறங்கக்கூடாது, பந்து சேற்றில் ஒட்டும், உருளவே உருளாது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை முழுக் கட்டணம் கட்டி ரை விதைக்கும் மைதானத்துக்குப் போவது வீண். நவம்பர் நடுவில் போய்ப் பாருங்கள், கண்ணுக்கும் காலுக்கும் அதைவிடச் சுகமான பரப்பு கிடையாது.

ரை புல்லுக்கு இன்னொரு விலையும் உண்டு. மே மாத வெயிலில் அது சாகும்போது அடியில் இருக்கும் பெர்முடா ஐந்தாறு மாதம் நிழலில் கிடந்து நோஞ்சானாக இருக்கும். அந்த மாறுதல் காலத்தில் ஃபேர்வேயில் வெறும் மண் தெரிவது இயல்பு, பராமரிப்புக் குறை என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மற்றது பாஸ்பாலம். கடலோர உப்புச் சதுப்பில் வளரும் இனம். உப்புநீரைப் பெர்முடாவைவிட நன்றாகத் தாங்கும், இங்குள்ள குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும், ரை விதைக்கும் தேவை பெரும்பாலும் இல்லை. யாஸ், சாதியாத் இரண்டும் இந்தப் புல்தான். இலை விறைப்பானது என்பதால் ஃபேர்வேயில் பந்து மேலே நிற்கும், இரும்பு மட்டைக்கு அருமையான கிடை. சிக்கல் கிரீனுக்கு வெளியே. அந்த ஓரப் புல் பந்தைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய லிங்க்ஸ் (கடலோர மணல்மேட்டு மைதானம்) பழக்கத்தில் தரையோடு தள்ளிவிட்டால் முதல் துள்ளலிலேயே நின்றுவிடும். 54 அல்லது 56 டிகிரி, பவுன்ஸ் (மட்டையின் அடிப்பக்கக் கோணம்) 10-க்கு மேல் உள்ள வெட்ஜை, அதாவது பந்தை உயர்த்தி அடிக்கும் மட்டையை எடுத்து, பந்தைக் கிரீனுக்குள்ளேயே விழவைக்க வேண்டும். பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் புல்லில் குத்தி நிற்கும்.

கிரீன் எந்தப் புல்லானாலும் கோடையில் துளை போட்டே ஆக வேண்டும். 12 மில்லிமீட்டர் அகலக் குழல் முனையால் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் மண்ணை உருவி எடுத்து, மணல் தூவித் தேய்ப்பார்கள். செய்யாவிட்டால் மக்கிய அடுக்கு தடித்து நீர் இறங்காது, உப்பும் இறங்காது, குளிர்காலத்தில் கிரீன் பஞ்சாகிவிடும். துளை ஆற இரண்டு முதல் மூன்று வாரம். இந்த நாட்களை இணையதளத்தில் சின்ன எழுத்தில் போடுவார்கள், சில இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள். ஆகவேதான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்வி.

கட்டணம்: முன்னணி மைதானங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு சுற்று 1000 திர்ஹத்தைத் தாண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். பக்கி பெரும்பாலும் கட்டணத்துக்குள் அடக்கம், 5 சதவீத வாட் வரி சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதால் வெள்ளி காலை இப்போது முன்னைவிட நெரிசல் குறைவு. குளிர்காலத்தில் ஐந்தரை, ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், நாலு பேர் சுற்று நாலரை மணி நேரம் பிடிக்கும். மதியம் 1 மணிக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடங்கினால் 18 குழியை எதிர்பார்க்காதீர்கள்.

விளக்கொளி ஆட்டத்துக்கு எமிரேட்ஸின் ஃபால்டோ மைதானமும் ராஸ் அல் கைமாவின் அல் ஹம்ராவும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் இரவில் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் எதிரி. குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த தூரமானியின் கண்ணாடி கால் மணி நேரம் பனிபடிந்து பயன்படாது, முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். கையுறை மூன்று வேண்டும், ஒன்று காயும்போது ஒன்று கையில். கிளப்புகளைக் கார் டிக்கியில் விட்டுப்போகும் வழக்கம் இங்கே ஆகாது. கிரிப்பின் அடிப்பசை இளகி நழுவும், ஷூவின் அடித்தோல் பிரியும், தலையை ஒட்டிய எபாக்சிகூடத் தளரலாம். புல் முடிந்து பாலைமணல் தொடங்கும் பகுதி பங்கர் கணக்கில் வராது, கிளப்பைத் தரையில் வைக்கலாம். ஆனால் சரளைக்கல் இருக்கும். அதற்கென்று ஒரு பழைய வெட்ஜ் பையில் கிடக்கட்டும்.

விடிகாலை முதல் டீயில் போகிறவர்கள் முன்னால் புல்வெட்டி, மணல் வாரும் ஆட்களைப் பார்ப்பீர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குச் சட்டப்படி தடை, ஆகவே கைவேலையெல்லாம் விடியலில் குவிகிறது. அவர்கள் விலகும்வரை காத்திருந்து, பிறகு அடியுங்கள். இந்த வெயிலில் இந்தப் பச்சையைக் காப்பாற்றுபவர்கள் அவர்கள்தான், பெரும்பாலும் தெற்காசியர்கள்.

ஆண்டு உறுப்பினராகச் சேர நினைப்பவர்கள் 52 வாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கோடையில் ஊருக்குப் போகும் வாரங்கள், ரை விதைப்பு வாரங்கள், கிரீன் ஆறும் வாரங்கள், போட்டிக்காக மூடும் நாட்கள் எல்லாம் கழித்தால் முப்பதுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். சந்தாவை அந்த எண்ணால் வகுத்து, விருந்தினர் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். பராமரிப்புக்காக மூடும் நாட்களில் வேறு கிளப்பில் ஆட அனுமதி உண்டா, நீண்ட விடுப்பில் சந்தாவை நிறுத்திவைக்கலாமா, எமிரேட்ஸ் கோல்ஃப் கூட்டமைப்பின் ஹேண்டிகேப் (ஆட்டத்திறன் அளவு) பதிவு அதில் அடக்கமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.