மிக் வெல்டிங் வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறீர்களா, முதலில் இதைப் படியுங்கள்

"அடிப்படை முதல் தொழில்முறை வரை" என்று விளம்பரம் போட்டு மிக் வெல்டிங் (சுருளிலிருந்து ஒயர் தானாக ஓடிவந்து, கேஸ் பாதுகாப்பில் உருகி இரும்பை இணைக்கும் முறை) சொல்லித்தரும் ஒரு பயிற்சி மையத்தில் முழுக் கட்டணத்தையும் முன்னாலேயே கட்டிச் சேர்ந்தேன். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது, புது மெஷின் முன்னால் நிற்க வைத்தால் எந்த நாப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் தெரியவில்லை. மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

அங்கே எல்லா மெஷின்களிலும் வோல்டேஜ் நாப், ஒயர் வேக நாப் இரண்டின் மேலும் டேப் ஒட்டியிருந்தது. கேட்டால், "செட்டிங் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், நீங்க கையை நிதானமா ஓட்டப் பழகுங்க" என்பார்கள். தினமும் அதே தடிமனில் தகடு, அதுவும் மேசையில் படுத்த நிலையில் மட்டும், செட்டிங் காலையில் பயிற்சியாளர் வைத்துவிட்டுப் போனது. அப்படித் தட்டில் வைத்துக் கொடுத்தால் யார் ஓட்டினாலும் பீடு (உருகிப் படியும் வெல்டு வரி) வரிவரியாக அழகாக விழும். விழுந்ததைப் படமெடுத்து அடுத்த விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்கள், அதில் நான் போட்டதும் ஒன்று இருக்கிறது.

மிக்கில் கை ஓட்டம் பாதி வேலைதான். ராட் வெல்டிங்கில் (கையால் பிடித்து ஓட்டும் குச்சியே உருகும் முறை) ஆர்க் நீளத்தை, அதாவது ராட் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறியின் நீளத்தை, கையால் காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும், மிக்கில் அதை மெஷினே பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக நாம் இரண்டு விஷயத்தைச் சரியாகப் பொருத்திக் கொடுக்க வேண்டும். வோல்டேஜைக் கூட்டினால் ஆர்க் நீளும், பீடு அகன்று தட்டையாகும். ஒயர் வேகத்தைக் கூட்டினால் ஆம்பியர் கூடும். சாதாரண மிக் மெஷினில் ஆம்பியருக்கென்று தனி நாப் இல்லாததற்கு இதுதான் காரணம், ஒயர் வேகம்தான் அங்கே ஆம்பியர். இந்த ஒரு விஷயத்தை நான் மூன்றாவது வகுப்பிலேயே கேட்டேன். "அதெல்லாம் அட்வான்ஸ் வகுப்புல வரும்" என்றார்கள். அட்வான்ஸ் வகுப்புக்குத் தனிக் கட்டணம், சொல்ல வேண்டியதில்லை.

அட்வான்ஸ் என்று ஒளித்து வைத்த சரக்கு என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண இரும்புக்கு, தகடு மெல்லியதாக இருக்கும் வரை, ஒரு மி.மீ. தடிமனுக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. தகடு என்றால் 120 பக்கம் வரும். 0.8 மி.மீ. ஒயரில் அந்த ஆம்பியருக்கு நிமிடத்துக்கு 6 மீட்டர் சொச்சம் ஒயர் ஓட வேண்டும். 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ் என்றால் வோல்டேஜை 18, 19 அளவில் வைத்து ஆரம்பிக்கலாம். இது வெறும் ஆரம்பப் புள்ளி, இதிலிருந்து காதை வைத்துத்தான் நகர வேண்டும். சரியாக விழுந்தால் சூடான எண்ணெய் பொரிவது போல ஒரே சீராகப் படபடவென்று சத்தம் வரும். வோல்டேஜ் போதவில்லை என்றால் ஒயர் போய்த் தகட்டில் முட்டும், டார்ச் (ஒயர் வெளிவரும் கைப்பிடி) கையைப் பின்னால் தள்ளும், பீடு கயிறு மாதிரி மேலே குவிந்து நிற்கும். வோல்டேஜ் மிஞ்சினால் ஒயர் நுனியில் உருண்டை கட்டும், பீடு ஓரத்தில் தகடு அரிபடும், ஒயர் டிப்போடு (டார்ச் நுனியில் ஒயர் வெளிவரும் செப்பு முனை) ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஒரு நாப்பை அசைக்காமல் வைத்து மற்றதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் துண்டுத் தகட்டில் ஒரு பீடு போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் இதெல்லாம் கைக்கும் காதுக்கும் வந்துவிடும். முழு வகுப்பிலும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வரவே இல்லை.

ஒயர் சிக்கிக்கொண்டால் அதைவிட மோசம். ரோலர் பக்கத்தில் ஒயர் சுருண்டு கொத்தாக நிற்கும், உடனே உதவியாளர் ஒருவர் வந்து வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பக் கோத்துவிட்டுப் போவார், நாங்கள் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். ஏன் சிக்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரோலர் இறுக்கம் அதிகமா, டிப் ஓட்டை ஒயருக்குப் பொருந்துகிறதா, லைனர் (ஒயர் உள்ளே ஓடிவரும் குழாய்) அழுக்கா, பார்க்க வேண்டியது இவ்வளவுதான். இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு மரக்கட்டையின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒயரை ஓடவிட்டால் போதும், வழுக்கி நிற்காமல் வளைந்து சுருண்டு வர வேண்டும். கேஸ் விஷயத்திலும் அதே கதை. ரெகுலேட்டரைத் தாராளமாகத் திறந்து வைத்துவிட்டு "ஜாஸ்தி இருந்தா நல்லதுதான்" என்றார்கள். நல்லதில்லை. நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும், மிகையாகத் திறந்தால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்து பீடில் ஓட்டை ஓட்டையாக விழும். அதுவும் தலைக்கு மேல் மின்விசிறியை ஓடவிட்டுக்கொண்டு!

சரி, இதெல்லாம் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது அவர்கள் கொடுத்த செட்டிங் தாள். ஒரே ஒரு வோல்டேஜ், ஒரே ஒரு ஒயர் வேகம், கீழே "எல்லாத் தகட்டுக்கும் ஏற்றது" என்று ஒரு வரி. வகுப்பு முடிந்ததும் சொந்தக்காரர் ஒருவரின் பட்டறையில் அதே அளவை வைத்து 6 மி.மீ. தகட்டில் ஒரு டீ ஜாயிண்ட் (படுத்த தகட்டின் மேல் இன்னொன்றை நிமிர்த்தி வைத்து இணைப்பது) போட்டேன், ஒரு பக்கம் மட்டும். பார்க்க அவ்வளவு நேர்த்தி. அவர் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு தம்பி, அடிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார். வைஸில் கட்டி, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து நிற்கும் தகட்டைச் சுத்தியலால் வெல்டின் மேல் மடக்கினார். இரும்பு வளையக்கூட இல்லை, டப்பென்று பிரிந்து வந்தது. பீடு முழுசாக நிற்கும் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடித்தகட்டில் பீடு இருந்த இடத்தில் கருநீல மில் ஸ்கேல் (ஆலையிலிருந்தே இரும்பின் மேல் படிந்து வரும் ஆக்சைடு தோல்) அப்படியே மின்னிக்கொண்டிருந்தது, உருகின அடையாளமே இல்லை, நிற்கும் தகட்டின் வெட்டிய விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராகத் தெரிந்தது.

மெல்லிய தகட்டுக்கான குறைந்த சூட்டில் தடித்த இரும்பை வெல்டு செய்தால் இப்படித்தான் ஆகும். உருகிய குழம்பு மேலே பரவும், உள்ளே இறங்காது. ராட் வெல்டிங் சரியில்லை என்றால் பெரும்பாலும் பார்த்தாலே அசிங்கமாக இருக்கும், மிக் அப்படியில்லை, இரும்பில் பிடிக்காத வெல்டும் அழகாகவே இருக்கும். தகட்டைக் கிரைண்டரில் வெள்ளையாகும் வரை தேய்ப்பது, எர்த் கிளாம்ப்பைச் சுத்தமான இரும்பில் மாட்டுவது, டிப்பிலிருந்து தகட்டுக்கு 10 மி.மீ. அளவு இடைவெளி வைப்பது, ஆர்க்கைக் குழம்பின் முன் விளிம்பிலேயே வைத்து நகர்வது, இதையெல்லாம் சொல்லாமல் "படமெடுக்கிற மாதிரி வரணும்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தவர்களை என்ன சொல்வது? அந்த டீ ஜாயிண்ட்டின் இடத்தில் ஒரு ஏணியோ டிரெய்லர் கொக்கியோ இருந்திருந்தால் யார் பொறுப்பு? அங்கே நாங்கள் போட்ட ஒரு வெல்டைக்கூட உடைத்தோ அறுத்தோ பார்த்ததில்லை. உடைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கென்று கொடுத்த துண்டுகளில் பாதி துத்தநாகம் பூசிய குழாய்கள், பூச்சை எடுக்கச் சொல்லவே இல்லை. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். என்னோடு படித்த இருவர் ராத்திரி முழுக்க நடுங்கியிருக்கிறார்கள், மறுநாள் வந்து சொன்னபோது "ஆரம்பத்துல அப்படித்தான்" என்று சிரித்தார்கள்.

கடைசி வாரத்தில் மெஷின் விற்பனை ஆரம்பித்தது. உண்மையில் கடையே இதுதான், வகுப்பு வெறும் வாசல். "200 ஆம்பியர், கேஸே வேண்டாம்" என்று ஒரு மெஷினை ஒரு நண்பர் தலையில் கட்டி, கூடவே ஈஆர்70எஸ்-6 ஒயர் சுருள் ஒன்றையும் கொடுத்தார்கள். அது கேஸோடு ஓட்ட வேண்டிய திட ஒயர். கேஸ் இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் உள்ளே ஃபிளக்ஸ் (எரிந்து வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் பொடி) அடைத்த ஒயர், அதிலும் கேஸ் தேவைப்படாத ரகம் வேண்டும். பெரும்பாலும் டார்ச்சை நெகட்டிவ்வில் மாற்றிப் போடவும் வேண்டும், திட ஒயருக்கு டார்ச் பாசிட்டிவ். ஒயரும் தப்பு, போலாரிட்டியும் மாற்றவில்லை, அவர் போட்ட பீடெல்லாம் ஓட்டை. போன் செய்தால் "கை பழகணும்" என்றார்களாம். அந்த 200 ஆம்பியரும் டியூட்டி சைக்கிள் 15 சதவீதத்தில். அதாவது பத்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடம்தான் ஓட்டலாம், மீதி நேரம் மெஷின் ஆற வேண்டும். பெட்டியின் பின்பக்கப் பலகையில் சின்ன எழுத்தில் இருக்கிறது, வாங்குவதற்கு முன் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். "சர்வதேசத் தரம்" என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. ஐஎஸ்ஓ 9606-1 படி வெல்டருக்குத் தரும் தகுதிச் சான்றிதழ் என்றால் எந்த முறை (திட ஒயர், வினைபுரியும் கேஸ் என்றால் 135 என்ற எண்), எந்த நிலை, எவ்வளவு தடிமன், எந்த வகைப் பொருள் என்றெல்லாம் எழுதியிருக்கும், சோதனைத் துண்டைப் போடவைத்து அதைப் பரிசோதித்த பிறகுதான் தருவார்கள். என்னுடையதில் என் பெயரும் ஒரு முத்திரையும் மட்டும்தான்.

எனவே எங்கே சேர்வதாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் ஒரு வகுப்பை நேரில் பார்க்கக் கேளுங்கள். நாப்பைத் திருப்புவது மாணவரா பயிற்சியாளரா, உடைத்த வெல்டுகள் எங்காவது கிடக்கின்றனவா, ஒன்றுக்கு மேற்பட்ட தடிமனில் தகடு இருக்கிறதா, நிமிர்ந்த நிலையிலும் ஓட்ட வைக்கிறார்களா என்று பாருங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

நான் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சான்றிதழ் வாங்கிக்கொண்டதால் வகுப்பு முடிந்ததாகக் கணக்கு என்று பதில் வந்தது. சான்றிதழ் தரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள், அதில் "பயிற்சியில் முழுத் திருப்தி" என்று முன்னாலேயே அச்சடித்திருக்கும். நான் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் "செட்டிங் சொல்லித்தரவில்லை" என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன், போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது கொடுத்திருக்கும் புகாரோடு இணைத்திருப்பது அந்தப் போட்டோவைத்தான்.