கார் வராத கரை: கனால் து மிதியில் கிராவல் சைக்கிள்

துலூஸிலிருந்து மத்தியதரைக்கடலை ஒட்டிய தோ ஏரி வரை 240 கி.மீ. ஓடுகிறது தென்பிரான்சின் கனால் து மிதி கால்வாய். அதன் கரைப்பாதையைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். மே மாதத்தில் விடுமுறைக்கு வந்தவர்கள் சொர்க்கம் என்பார்கள். நவம்பர் மழையில் மாட்டிக்கொண்டவர்கள் சைக்கிளையே விற்றுவிட்டதாகச் சொல்வார்கள். துலூஸிலேயே குடியிருக்கும் நான் பல வருடங்களாக எல்லாப் பருவத்திலும் இதில் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டிவருகிறேன். என் கருத்து இதுதான்: இந்தப் பாதைக்கு வருகிறவர் கிழக்குப் பாதிக்காக வர வேண்டும். அங்கேயும் கால்வாயையே பிடித்துக்கொண்டு போகாமல், அவ்வப்போது திராட்சைத் தோட்டப் பாதைகளில் இறங்கிவிட வேண்டும்.

மேற்கே முதல் 50 கி.மீ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர் லோராகே வரை நல்ல தார்ப்பாதை. ஓடுகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், அலுவலகம் போகிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். சுற்றிலும் கோதுமையும் சூரியகாந்தியும்தான். நேரம் குறைவென்றால் ரயிலில் தாண்டிவிடுங்கள்.

அதை அடுத்து வருவது நொரூஸ். கால்வாயின் உச்சி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 190 மீட்டர். இங்கே வந்து சேரும் தண்ணீர் ஒரு பக்கம் அட்லாண்டிக்கை நோக்கியும் மறுபக்கம் மத்தியதரைக்கடலை நோக்கியும் பிரிகிறது. உப்பு வரி வசூலித்துப் பணக்காரரான பியேர்-போல் ரிக்கே, மொந்தாஞ் நுவார் மலை ஓடைகளை இந்த இடத்துக்குத் திருப்பும் வழி கண்டார். 1666இல் தொடங்கிய வேலை 1681இல் முடிந்தது. அதற்கு முந்தைய வருடமே அவர் இறந்துவிட்டார். அவர் காலத்தில் மட்டம் பார்த்து வெட்டிய கரை என்பதால் இன்றைக்கு நமக்கு ஏற்றம் என்று எதுவும் கிடையாது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடோ சரிவோ வரும்.

ஏற்றம் இல்லாததால் சுலபம் என்று கணக்குப் போட்டு வருகிறவர்கள்தான் மாலையில் சோர்ந்துபோவார்கள். ஏற்றம் இல்லையென்றால் இறக்கமும் இல்லை. நாள் முழுக்க ஒரே மாதிரி மிதிக்க வேண்டும், ஒரே மாதிரி உட்கார வேண்டும். தார் முடிந்து ஓத் மாவட்டம் தொடங்கியதும் மண், சரளை, ஒற்றையடித்தடம், பிளேன் மர வேர் என்று மாறி மாறி வரும். சமீப வருடங்களில் சில துண்டுகளைச் சீராக்கியிருக்கிறார்கள். ஆனாலும் தார்ச்சாலையில் 100 கி.மீ. ஓட்டுகிறவர் இங்கே 65, 70 என்று திட்டம் போட்டால் உடம்புக்கு நல்லது. கஸ்தெல்நோதரி பக்கத்துக் களிமண்ணுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மழை பெய்தால் அது டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு போங்கள். மட்கார்டு போட்டிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுலாப் படங்களில் வரும் அந்தப் பச்சைக் கூரை இப்போது பாதைநெடுக இல்லை. கரையோரம் 42,000 பிளேன் மரங்கள் நின்றிருந்தன. 2006இல் கர்கசோன் அருகே ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்க ராணுவத்தின் மரப்பெட்டிகளோடு பிரான்சுக்குள் வந்த நோய் என்கிறார்கள். மருந்து கிடையாது. நோய் வந்த மரத்தையும் அதைச் சுற்றி நிற்கும் மரங்களையும் வெட்டி எரிப்பதுதான் வழி. வருடாவருடம் போகிறவனுக்கு இது நன்றாகவே தெரிகிறது. போன கோடையில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் இந்தக் கோடையில் அடிமரம்கூட இருக்காது. புதிதாக வேறு இனங்களையும் கலந்து நட்டிருக்கிறார்கள். அவை நிழல் தர இன்னும் பல வருடம் ஆகும். அதனால் கர்கசோனை அடுத்த த்ரெப்புக்குக் கிழக்கே ஜூலை, ஆகஸ்டில் மதியம் 12 முதல் 5 வரை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

சரி, கொடிகளுக்கு வருவோம். த்ரெப் தாண்டி மர்செயெத், ஓம்ப்ஸ் என்று போகப் போக வடக்கே மினெர்வுவா, தெற்கே கொர்பியேர் என்ற ஒயின் வட்டாரங்கள். கரினியான், கிரெனாஷ், சிரா வகைத் திராட்சைக் கொடிகள். அர்ஜான்ஸிலிருந்து பெசியே ஓரத்து ஃபோன்செரான் வரை 54 கி.மீ. தூரத்துக்கு ஒரு மதகுகூட இல்லை. மதகே இல்லாமல் மட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் கால்வாய் குன்றுகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. நேராகப் போனால் சிறிது தூரம்தான் என்னும் கிராமத்துக்குக் கரைவழியே போனால் இரண்டு மடங்கு ஆகும். கிராவல் சைக்கிளுக்கு வேலை இங்கேதான். வளைவு வரும்போது கரையை விட்டு இறங்கி, டிராக்டர் தடத்தில் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, மறுபக்கம் கால்வாயைப் பிடிக்கலாம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சரளை, நல்ல பிடிமானம். கார் வராது, வந்தால் தோட்டக்காரரின் வேன் வரும், அவரே ஒதுங்கிக் கையசைப்பார்.

எல்லாத் தடமும் எங்கேயாவது போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். பாதிக்குப் பாதி ஏதோ ஒரு தோட்டத்து மூலையில் முடிந்துவிடும். தேசிய நிலவரைபட நிறுவனத்தின் வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள், சின்னத் தடம்கூட அதில் இருக்கும். தனியார் நிலம் என்று பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டும். கொடி வரிசைகளுக்கு உள்ளே ஓட்டவே கூடாது. மே, ஜூனில் கந்தகமும் செம்பு மருந்தும் அடிக்கும் டிராக்டரைக் கண்டால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து மறுபக்கம் நில்லுங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அறுவடை. வெப்பத்துக்குப் பயந்து இரவிலேயே இயந்திரத்தை இறக்குகிறார்கள். காலையில் தார்ச்சாலை முழுக்கச் சாறு சிந்திப் பிசுபிசுக்கும், குளவிகள் மொய்க்கும்.

இந்தப் பகுதியில் நின்று பார்க்க வேண்டியவை என்றால் பராசா அருகே ரெப்யூத்ர் ஓடைக்கு மேல் கால்வாயையே சுமந்து நிற்கும் 1676ஆம் வருடப் பாலம், ல சொமாயின் கல்பாலம், அப்புறம் மல்பாஸ் சுரங்கம். மல்பாஸில் பலர் சுரங்க வாயைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலே ஆன்செரூன் குன்றுக்கு ஏறுங்கள். 13ஆம் நூற்றாண்டில் வற்ற வைத்த மொந்ததி ஏரி கீழே தெரியும், சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வயல்கள் நடுவை நோக்கி ஓடும். நாள் முழுக்கச் சமதளத்தில் ஓட்டிய கால்களுக்கு அந்த ஏற்றம் கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை.

வருடக்கணக்கில் ஓட்டினால் கண்ணில் படும் இன்னொன்று, கொடிகள் குறைந்துகொண்டே போவது. 2024இல் அரசே ஹெக்டேருக்கு 4,000 யூரோ கொடுத்து, நிரந்தரமாகக் கொடிகளைப் பிடுங்கும் திட்டம் கொண்டுவந்தது. குடிப்பவர்கள் குறைந்தார்கள், வறட்சி கூடியது, விலை கட்டவில்லை. பிடுங்கிய வேர்க்கட்டைகள் தடத்தோரம் மலையாகக் குவிந்து கிடக்கும். விலை விழுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1907இல் தென்பிரான்சையே உலுக்கிய திராட்சை விவசாயிகள் போராட்டம் கால்வாயோரத்து அர்ஜெலியே கிராமத்தில், மர்செலான் அல்பெர் என்பவர் தலைமையில் கிளம்பியதுதான். ஆனால் இப்போது பிடுங்கிய நிலம் காய்ந்த புல்லாக நிற்கிறது. 2025 ஆகஸ்டில் கொர்பியேரில் 16,000 ஹெக்டேர் அளவுக்கு எரிந்தபோது, கொடிகள் இருந்திருந்தால் தீ இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்று பலரும் பேசினார்கள். கோடையில் காட்டுப்புதர்ப் பாதைகளுக்குள் போவதற்கு முன் தீ அபாய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வண்டி விஷயம். 35 மி.மீ. டயரில் கால்வாய்க் கரையை முடித்துவிடலாம், தோட்டத் தடங்களுக்கு 42 அல்லது 45 வேண்டும். டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) டயர் இல்லாமல் வராதீர்கள். கரையோரம் படர்ந்திருப்பது நம் ஊர் நெருஞ்சியேதான், அதே செடி, அதே முள். அந்த டயருக்குள் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். சுண்ணாம்புத் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் செயினை அரைத்துத் தள்ளும். எண்ணெயை விட்டு மெழுகுக்கு மாறிய பிறகு என் செயின்கள் தெளிவாகவே அதிக நாள் உழைக்கின்றன. கியர் விகிதத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். சீட்டைப் பற்றி யோசியுங்கள்.

காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள். செர்ஸ் என்ற காற்று வடமேற்கிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அது அடிக்கும் நாளில் கர்கசோனிலிருந்து பெசியேவுக்கு ஓட்டினால் சும்மாவே தள்ளிக்கொண்டு போகும். அதே நாளில் எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். துலூஸ் பக்கம் ஓதான் காற்று இதற்கு நேர் எதிர்.

கிராமத்துக் கடைகள் மதியம் பன்னிரண்டரைக்கே மூடிவிடும், ஞாயிறு மாலையும் திங்களும் இன்னும் மோசம். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் குழாய் இருக்கும். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். பளிச்சென்ற மேலாடை போட்டுக்கொள்ளுங்கள், வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் வேறு வழி பாருங்கள். ஒயின் ருசி பார்க்கிறவர்கள் கவனம்: ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு.

பெசியேவுக்கு அப்பால் சேத் வரை ஒருமுறை போய்ப் பார்க்கலாம், கடலோரம் என்பதைத் தவிர எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. திரும்புவதற்கு வட்டார ரயில்தான். சைக்கிள் மாட்டும் கொக்கிகள் கொஞ்சம்தான், ஞாயிறு மாலையில் சண்டையே நடக்கும். எனவே மதிய ரயிலைப் பிடியுங்கள். இல்லையென்றால் ஓம்ப்ஸிலிருந்து தெற்கே 10 கி.மீ. தள்ளியிருக்கும் லெசினியானில் சனிக்கிழமையே ஏறிவிடுங்கள்.