உசாத்துணைக்குச் சொட்டேரோவா, மெண்டலியா, லேட்டெக்கா, கையா?

கிளிநொச்சி அறிவியல்நகரில் ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணை, உசாத்துணைக்கு எதைப் பாவிக்கிறது?" இரணைமடுக் குளத்துக்குக் கீழே ஒரு போகம் முழுக்க வெயிலில் நின்று அளவெடுத்த பிள்ளை, கடைசியில் கமாவையும் முற்றுப்புள்ளியையும் திருத்தியே இரண்டு கிழமையைத் தொலைப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. என் பதில் சொட்டேரோ, அதாவது உசாத்துணைகளைச் சேர்த்துவைத்து, கேட்ட முறையில் பட்டியலாக்கித் தரும் மென்பொருள். மற்றவற்றையும் பாவித்துப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் கையால் எழுதுவது. பதினைந்து உசாத்துணை உள்ள சின்னக் கட்டுரைக்கு இது தாராளம், பிழையே இல்லை. ஆனால் நான் ஒருமுறை 62 உசாத்துணையைக் கையால் அடித்து, ஏபிஏ முறையில் பெயரும் ஆண்டுமாக ஒழுங்கு பண்ணி அனுப்பினேன். அந்தச் சஞ்சிகை வேண்டாம் என்றது. அடுத்ததாக அனுப்ப நினைத்த சஞ்சிகை வன்கூவர் முறை கேட்டது, அதாவது கட்டுரையில் வரும் வரிசைப்படி இலக்கம். மூன்று இரவு இருந்து மாற்றினேன். பிறகு மேற்பார்வையாளர் அறிமுகப் பகுதியில் புதிதாக ஒரேயொரு மேற்கோள் சேர்க்கச் சொன்னார், அதோடு 4 தொடக்கம் 62 வரை எல்லா இலக்கமும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயிற்று. கடைசியில் உள்ளே இரண்டு மேற்கோளுக்குப் பட்டியலில் ஆளே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கூகுள் ஸ்கொலரில் வரும் ஆயத்த வரியை வெட்டி ஒட்டுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான், அங்கே பக்க எண் விடுபடும், சஞ்சிகைப் பெயரும் சிலவேளை அரைகுறையாக வரும்.

எண்ட்நோட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் இதே வேலைக்கான பலமான மென்பொருள்தான், ஆனால் ஒரு உரிமத்துக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்க வேண்டும். உங்கள் ஆய்வுக்குழுவில் ஏற்கெனவே எல்லாரும் அதில் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேவையில்லை.

உண்மையான போட்டி மெண்டலிக்கும் சொட்டேரோவுக்கும்தான். இரண்டுக்கும் காசில்லை. ஒவ்வொரு சஞ்சிகையின் முறைக்கும் ஏற்ப உசாத்துணையை அடுக்கும் பாணிக் கோப்புகளும் இரண்டிலும் ஒரே வகை, பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, ஆகவே "எதில் பாணி அதிகம்" என்று யோசிக்கத் தேவையில்லை. இலவச இணையச் சேமிப்பில் மெண்டலி முன்னுக்கு நிற்கிறது: அது 2 ஜிபி தரும், சொட்டேரோ 300 எம்பிதான். ஆனால் சொட்டேரோவில் அந்தக் கணக்கு பிடிஎஃப் கோப்புகளுக்கு மட்டும்தான், உசாத்துணை விபரங்களுக்கு எல்லை இல்லை. பிடிஎஃப்களை லப்டொப்பிலேயே வைத்துக்கொண்டால் 300 எம்பி ஒரு பிரச்சினையே இல்லை.

என்னைச் சொட்டேரோ பக்கம் தள்ளியது வேறு விஷயம். மெண்டலியின் இப்போதைய வேர்ட் செருகி (வேர்ட்டுக்குள் மேற்கோள் போட உதவும் துணைக்கருவி) இணையத்தில் இருந்து ஏற்றப்படுவது, சிக்னல் இல்லாவிட்டால் மேற்கோள் போட முடியாது. சொட்டேரோவின் செருகி உங்கள் லப்டொப்பில் இருக்கும் தரவோடு நேரே பேசும். துணுக்காய்ப் பக்கம் வீட்டில் இருந்து எழுதும் தங்கச்சிக்கு, மழை நாளில் சிக்னலும் போய் டேட்டாவும் முடிந்த இரவில், இந்த வித்தியாசம் பெரிசு. இன்னொன்றும் உண்டு. மெண்டலியை எல்செவியர் என்ற சஞ்சிகைப் பதிப்பகம் 2013இல் வாங்கியது. 2018இல் வந்த பதிப்பிலிருந்து கணினியில் இருக்கும் தரவுத்தளத்தையே மறைகுறியாக்கிப் பூட்டினார்கள், 2022இல் பழைய டெஸ்க்டொப் மென்பொருளைத் தரவிறக்கவே முடியாமல் பண்ணினார்கள். நாலு வருடமாகச் சேர்த்த குறிப்பு இன்னொருத்தர் பூட்டுக்குள் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சொட்டேரோ 2006இல் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, திறந்த மூல மென்பொருள். மெண்டலி பாவிப்பவர்கள் பயப்பட வேண்டாம், இணையக் கணக்கு வழியாகச் சொட்டேரோவுக்கு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளலாம்.

சரி, கட்டளைகளோடு எழுதி அச்சுக்கோக்கும் லேட்டெக்? விவசாய பீடத்துப் பிள்ளைகள் வேர்ட்டோடு இருக்க, பொறியியல் பக்கம் ஐட்ரிபிள்ஈ என்ற பொறியியலாளர் அமைப்பின் பாணியில் லேட்டெக்கில் எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லேட்டெக்கின் உசாத்துணைக் கருவியான பிப்டெக் 1985இலிருந்து நின்று பிடிக்கிற சாமான், சமன்பாடு நிறைந்த கட்டுரைக்கு லேட்டெக்கை விட்டால் நல்லது இல்லை. ஆனால் மேற்பார்வையாளர் வேர்ட்டில்தான் திருத்தம் போடுவார் என்றால் லேட்டெக் எடுத்து அவரையும் உங்களையும் வதைக்காதீர்கள். இரண்டும் வேண்டுமென்றால் சொட்டேரோவில் சேர்த்து பிப்டெக் கோப்பாக வெளியே எடுக்கலாம்.

இனி எந்த மென்பொருளும் தானாகச் சரிசெய்யாத இடம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் நெல் விளைச்சல் அறிக்கையை மேற்கோள் காட்டாமல் இங்கே விவசாயக் கட்டுரை எழுத முடியாது. அதன் ஆங்கிலப் பெயரை (டிபார்ட்மெண்ட் ஒஃப் சென்சஸ் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்) சாதாரணமாக அடித்தால், மென்பொருள் "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்பதைக் குடும்பப் பெயராக எடுத்து மிச்சத்தை முதலெழுத்தாக்கி ஒரு மனிதரை உருவாக்கிவிடும். பிப்டெக்கில் இன்னும் மோசம், நடுவில் வரும் "அண்ட்" என்ற சொல்லைக் கண்டு இரண்டு ஆசிரியர்களாகப் பிரித்துவிடும். சொட்டேரோவில் பெயருக்குப் பக்கத்தில் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றும் சின்னப் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். பிப்டெக்கில் இரட்டை நெளிவு அடைப்புக்குறி போடுங்கள்.

அதைவிட எனக்கு நோகிறது எங்கள் ஆட்களின் பெயர். நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் எங்கள் பெயரைப் பின்னுக்கும் எழுதுகிறோம். மென்பொருள் பின்னுள்ளதைக் குடும்பப் பெயராக எடுக்கும்போது தற்செயலாகச் சரிவரும். ஆனால் அதே ஆள் இன்னொரு கட்டுரையில் கடவுச்சீட்டு ஒழுங்கில் பெயரைத் திருப்பி எழுதியிருந்தால், தகப்பன் பெயரில் வேறொரு ஆசிரியர் பிறந்துவிடுவார், அவருடைய உழைப்பு இரண்டு பேருக்குப் பிரிந்துபோகும். ஆகவே டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள இலக்கம்) போட்டு இழுத்த விபரத்தையும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் சொந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பதை முதல் கட்டுரைக்கு முன்பே முடிவெடுத்து, பிறகு மாற்றாதீர்கள்.

ஆங்கிலத் தலைப்புகளைச் சொட்டேரோவில் சேமிக்கும்போது முதற்சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வையுங்கள். தேவைப்பட்டால் எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்தாக்கச் சொட்டேரோவுக்குத் தெரியும், திருப்பிச் சின்ன எழுத்தாக்கச் சரியாக வராது. நெல்லின் விஞ்ஞானப் பெயர் தலைப்பில் வந்தால் சாய்வெழுத்துக் குறியை நீங்களே இட வேண்டும்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் கோப்பை இன்னொரு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் மேற்கோள்களுக்கும் மென்பொருளுக்கும் உள்ள இணைப்பைத் துண்டியுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், திருத்தம் வரும்போது அதுதான் தேவைப்படும்.