எம்டிஎன் 94 ஸ்ப்ரே: அவுட்லைனுக்குக் கெட்டி, ஃபில்லுக்கு மந்தம்

1970-களின் நியூயார்க்கில் சுவரிலும் ரயிலிலும் கிராஃபிட்டி எழுதியவர்களுக்குக் கிடைத்தது கதவுக்கும் நாற்காலிக்கும் அடிக்கிற பெயிண்ட்தான். சூப்பர் கூல் 223 என்ற பெயரில் எழுதியவர் வேறொரு வீட்டு ஸ்ப்ரேயின் அகல வாய் கேப்பை (பெயிண்ட் பீறிடும் மூடித் துளையை) பிடுங்கி பெயிண்ட் கேனில் மாட்டினார் என்பார்கள். கோடு அகலமானதும் எழுத்துக்கும் உடம்பு வைத்தது. ஃபேஸ் 2 என்ற இன்னொரு எழுத்தாளரின், குமிழிபோல் உப்பிய பபிள் எழுத்துகள் வந்ததும் 1972 வாக்கில்தான். எனவே எந்த கேனையும் எழுத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

பார்சிலோனாவின் மொன்டானா கலர்ஸ் தயாரிக்கும் எம்டிஎன் 94 என்ற இந்த 400 மி.லி. கேன் குறைந்த அழுத்தம், மேட் (பளபளக்காத) ஃபினிஷ். ஒற்றைக் கோட்டில் பெயரைக் கிறுக்கும் டேக்குக்கு இது வேண்டியதில்லை, மார்க்கர் போதும். இதன் வீரியம் தெரிவது வைல்ட்ஸ்டைல் என்ற சிக்கலான எழுத்து பாணியில். எழுத்துகள் பின்னிக்கொண்டு அம்புகள் கிளம்பும் இடத்தில் மெல்லிய கோடு தரும் ஸ்கின்னி கேப் மாட்டி, சுவரிலிருந்து 2-3 செ.மீ. தள்ளி அடித்தால் விரல் பருமனைவிடச் சிறிய கோடு கிடைக்கும். கை தயங்கினால்தான் வழியும். அம்பு முனையில் விரலை எடுத்த பிறகும் கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும். கோடு பிசகினால் பின்னணி நிறத்தாலேயே வெட்டித் திருத்தலாம். மேட் என்பதால் ஒட்டுப்போட்ட தடம் பளபளத்துக் காட்டிக்கொடுக்காது.

பபிள் எழுத்தை நிரப்பும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். அகலக் கோடு தரும் ஃபேட் கேப் போட்டாலும் பெயிண்ட் மெதுவாகவே வரும். கறுப்பின் மேல் மஞ்சள் அடிப்பதென்றால் முதலில் வெள்ளை பூசிவிடுங்கள். அடியில் உள்ள நிறத்தை மறைக்காதது எல்லா பிராண்டு மஞ்சளுக்கும் உள்ள வியாதி.

கேனுக்குள் பெயிண்டைக் கலக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் 2 நிமிடம் குலுக்க வேண்டும். அவசரப்பட்டால் நிறமி அடியிலேயே தங்கி, முதலில் தண்ணியாக வரும், பிறகு கேப் அடைக்கும். முடித்ததும் கேனைக் கவிழ்த்து வாயு மட்டும் வரும்வரை அழுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தினால் இருக்கிற கொஞ்ச அழுத்தமும் போய்விடும். குளிரில் கேன் துப்பித் துப்பி அடித்தால் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். தூசி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (ரசாயன ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) உள்ள மாஸ்க்தான் வேண்டும்.

பெரிய சுவரென்றால் ஃபில்லுக்கு அதே நிறுவனத்தின் ஹார்ட்கோர் வாங்கலாம், அழுத்தம் அதிகம். ஆனால் அது பளபளப்பு ரகம். மேட் அவுட்லைனோடு சேரும்போது வெயிலில் வித்தியாசம் கண்ணில் படும்.