பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை: எட்டு வயதுக்காரியோடு போன அனுபவம்

டிசம்பர் லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் வருகிறவர்களுக்கு முதலில் நல்ல செய்தி. மழை ஓய்கிற சமயம், டெங்கு பயம் எல்லா வீட்டிலும் இருக்கும். மகளுக்குக் காலையில் காய்ச்சல் அடித்தது. மதியத்துக்குள் குழந்தை டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, சாயங்காலம் ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. நாங்கள் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கே போனும் கையுமாகக் கிடக்க வேண்டும். வேகத்திலும் செலவிலும் ஊரை அடித்துக்கொள்ள முடியாது.

குறை வேறு இடத்தில். டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனைக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். "ஊசியெல்லாம் இல்ல பாப்பா, சும்மா பாக்கத்தான்" என்றார் சிஸ்டர். கையில் ரப்பரைக் கட்டியதும் மகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையை இழுத்தாள். அவ்வளவுதான், இன்னும் இரண்டு பேர் வந்து கட்டிலில் படுக்க வைத்து, ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் அமுக்கினார்கள். "அழுதா இன்னொண்ணு போடுவேன்." ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். "நீங்க வெளிய நில்லுங்க சார், அப்பா இருந்தாத்தான் ரொம்பப் பண்ணும்" என்று பதில் வந்தது. கூட வந்த அக்காவும், "விடு தம்பி, இப்ப முடிஞ்சிரும்" என்றாள். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைத்தேர்ச்சிக்குக் குறைவே இல்லை.

யாரையும் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். வெளியே காய்ச்சல் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கு எவ்வளவு நேரம்தான் ஒதுக்குவது? ஆனால் உயிருக்கு ஆபத்தான அவசரம் எதுவும் அங்கே இல்லை. 1989இல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளை சொல்வதையும் காதில் வாங்க வேண்டும் என்கிறது. இந்தியா 1992இலேயே அதை ஏற்றுக்கொண்டது. தடுப்பூசி வலியைக் குறைக்க 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிகளில் ஒன்று, சின்னப் பிள்ளையைப் பெற்றவர் பிடித்துக்கொள்வது, கொஞ்சம் பெரிய பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைப்பது. நாங்கள் பார்த்தது நேர்மாறு.

பிளேட்லெட் மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மகள் ஆச்சி மடியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை வீட்டுப் பக்கத்திலேயே இருந்த சின்ன லேப். ரத்தம் எடுக்கிற தம்பி ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேரே உட்கார்ந்தார். "ஊசிதான் பாப்பா. சுருக்குன்னு இருக்கும். வலிச்சா கத்திக்கோ, கைய மட்டும் ஆட்டாத. எந்தக் கைல எடுக்கட்டும்?" அவள் யோசித்து இடது கையை நீட்டினாள். பார்க்கணுமா, அந்தப் பக்கம் திரும்பிக்கிறியா என்றும் கேட்டார். பார்க்கிறேன் என்றாள்! என் மடியில் உட்கார்ந்தபடி, பட்டர்ஃபிளை ஊசியின் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கை அசையவில்லை. கூடிப்போனால் இரண்டு நிமிஷம். முந்தின இடத்தில் பிடித்து அமுக்கவே அதைவிட அதிக நேரம் ஆனது.

வருகிறவர்களுக்குச் சில யோசனைகள். லிடோகெய்ன், பிரிலோகெய்ன் என்ற மருந்துகள் கலந்த, தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீம் உண்டு. டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் லேபில் காத்திருக்க வேண்டாம், எங்கே தடவுவது என்று கேட்டுக்கொண்டு வீட்டிலேயே தடவிவிட்டுக் கிளம்பலாம். எழுதிக் கொடுத்த பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பிள்ளை மடியில்தான் உட்காரும் என்பதை ஊசியைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிரித்த பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். அப்புறம், சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார் என்று பயமுறுத்தும் அத்தை, மாமாக்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் லேபைவிடக் கஷ்டமாக இருந்தது.