கோகோபீட் கட்டி வாங்கும் முன் ஒரு கைப்பிடியைப் பிழிந்து பாருங்கள்

ஆடிப்பட்டத்துக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வாங்கப் போகிற மாடித்தோட்டக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

"நன்கு கழுவியது, லோ ஈசி, நேரடியாகச் செடி நடலாம்" என்று ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் 5 கிலோ கட்டிகள் வாங்கினோம். பிளாஸ்டிக் உறையிலும் அதே வாசகம். (ஈசி என்பது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன். லோ ஈசி என்றால் உப்பு குறைவு.) கழுவாத சரக்கைவிட விலை கூடுதல். தண்ணீருக்குத் திண்டாடும் தாம்பரம் பக்கத்து மாடியில் உட்கார்ந்து நார்த்தூளை அலச முடியாது என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் பணம். ஆனால் வந்தது கழுவாத சரக்கு.

மண்புழு உரமும் செம்மண்ணும் சேர்த்து, வழக்கமான கலவையில்தான் பைகளில் தக்காளி, மிளகாய் நாற்றுகளை நட்டோம். நட்ட புதிதில் நன்றாகத்தான் நின்றன. அப்புறம் தக்காளியின் அடியிலைகளில் ஓரம் மட்டும் கருக ஆரம்பித்தது. இலையின் நடுப்பகுதி பச்சையாக இருக்கும். விளிம்பு மட்டும் பழுப்பாகத் தீய்ந்து, விரல் பட்டால் நொறுங்கும். மிளகாய் ஒரு இலைகூடப் புதிதாக விடவில்லை. அரைக்கீரை அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்து, முளைத்ததும் சுருண்டது. பையின் தையல் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதே நாற்றுகளில் மீதியைப் பழைய கோகோபீட் கலந்த தொட்டிகளில் நட்டிருந்தோம். அவை ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தன.

சந்தேகம் வந்து, பிரிக்காத கட்டியிலிருந்து ஒரு கைப்பிடி உடைத்து, ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். 2000 பிபிஎம்-ஐத் தாண்டியது. லோ ஈசி என்று சொல்ல வேண்டுமானால் ஈசி 0.5 mS/cm-க்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டரில் அது ஏறக்குறைய 250 முதல் 350 வரைதான் வரும். பிழிந்து பார்ப்பது ஆய்வகச் சோதனை அல்ல, ஊற்றும் தண்ணீரைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் அதில் வராது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "உங்க போர் தண்ணில உப்பு இருக்கும் மேடம்" என்றார். ஆர்.ஓ. தண்ணீரின் அளவையும் பிழிந்த தண்ணீரின் அளவையும் அடுத்தடுத்து வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே பேச்சை மாற்றி, "டிகாஷன் கலர் போற வரைக்கும் ரெண்டு தண்ணி அலசிக்கோங்க" என்றார். கழுவியது என்று சொல்லி விற்றதை நான் ஏன் அலச வேண்டும்? அவர் சொன்ன யோசனையும் தவறு. அந்தப் பழுப்பு நிறம் டானின். உப்புக்கு நிறம் கிடையாது. தண்ணீர் தெளிந்து வந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கலாம்.

தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு இயல்பாக உண்டு. மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் இன்னும் அதிகம். குளோரைடு தண்ணீரில் போய்விடும். சோடியமும் பொட்டாசியமும் அப்படியில்லை, ஒரு பகுதி தூளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை விலக்கத்தான் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடி அலசுகிறார்கள். 'பஃபர்' செய்தது என்று விற்கப்படுவது இதுதான். வெறுமனே கழுவியது வேறு, பஃபர் செய்தது வேறு; விலையும் வேறு.

இன்னொரு மோசடியும் இருந்தது. கட்டியை ஊறவைத்த டப்பின் அடியில் கையை விட்டால் நறநறவென்று மணல். எடைக்காகச் சேர்த்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 5 கிலோ நல்ல கட்டி ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு உதிரும். இது அதில் பாதியைத் தாண்டவில்லை.

"உரமே தேவையில்லை" என்றும் அந்த விளம்பரத்தில் இருந்தது. நார்த்தூளில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் ஏறக்குறைய 100-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அது மட்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நார்க்கழிவை உரமாக்க யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மட்கவைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். மட்காத தூளை உரம் என்று விற்பதைத் துணிந்த பொய் என்றுதான் சொல்வேன்.

பணம் திரும்பவில்லை. கடைசியாக என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்.

வாங்குவதானால் முதலில் ஒரே ஒரு கட்டி வாங்குங்கள். ஈசி எவ்வளவு, பஃபர் செய்ததா என்று வாட்ஸாப்பில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அளந்து பார்க்க ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோதான் வேண்டும். போர் தண்ணீரில் அளந்தால் விற்றவர் சொல்லித் தப்பிக்க அதுவே போதும். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் கேளுங்கள், என் மீட்டரைத் தருகிறேன்.